லீவோஃப்ளாக்சசின் சாப்பிட்டு ஐந்து மாதம் ஆகிறது, குதிகால் நரம்பு வலி இன்னும் போகவில்லை. யாருக்காவது இப்படி வந்து சரியாகியிருக்கிறதா?

ஆரணி தறி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஆரணிப் பக்கம் ஒரு கிராமம், வயது 46. பட்டுச் சேலை நெய்கிறேன், கூலித் தறிதான். பதினான்கு வயதில் தறிக்குழியில் கால் வைத்தவன், இத்தனை வருடத்தில் முதுகு வலித்திருக்கிறது, கண் எரிந்திருக்கிறது, ஆனால் கால் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

ஆனி மாதக் கடைசியில் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தது. யூரின் டெஸ்ட் எடுத்துவிட்டு புராஸ்டேட்டில் கிருமி என்று சொல்லி லீவோஃப்ளாக்சசின் 500, தினம் ஒன்று, 21 நாளைக்கு எழுதினார்கள். அதே வாரம் எனக்கு வழக்கமாக வரும் இளைப்பும் சேர்ந்துகொண்டது. அதற்கு வேறு ஒரு டாக்டரிடம் போனேன், அவர் ஐந்து நாளைக்கு பிரட்னிசோலோன் கொடுத்தார். முதல் சீட்டை அவரிடம் காட்டவில்லை, காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. எட்டாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினேன், வலது குதிகாலுக்கு மேலே யாரோ கயிறு கட்டி இழுத்தது போல இருந்தது. தறி மிதித்த வலி என்று நினைத்து மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டேன். பன்னிரண்டாம் நாள் வாசற்படி இறங்க முடியவில்லை. முதல் டாக்டருக்குப் போன் செய்தேன், அவர் உடனே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி வேறு மருந்து மாற்றினார். அந்த மட்டும் நல்லது. கிருமி போய்விட்டது. வலி போகவில்லை.

இப்போது இரண்டு குதிகாலும் வலிக்கிறது, மிதி மிதிக்கிற வலது கால்தான் மோசம். நடுவில் வலது தோளும் மணிக்கட்டும் சேர்ந்துகொண்டன, முழங்கால் மடக்கினால் சொடுக்குச் சத்தம். காலையில் எழுந்தால் பதினைந்து நிமிடம் இரண்டு காலும் கட்டை மாதிரி இருக்கிறது, அப்புறம் மெதுவாக இளகுகிறது. பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துவிடுகிறேன். ஆனால் தறியில் அரை மணி நேரம் உட்கார்ந்து மிதித்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். என் தறியில் சேலையில் பூ வேலைப்பாடு விழ நூலைத் தூக்குகிற ஜக்கார்டு பெட்டி இருக்கிறது, ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் பாரம் முழுவதும் காலில்தான் இறங்கும், நெய்கிறவர்களுக்குத் தெரியும்.

வேறு ஒரு இடத்தில் காட்டியபோது, மாத்திரை நிறுத்தி இவ்வளவு நாள் ஆன பிறகு அதனால் வலிக்காது, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஊசி போட்டார்கள், பத்து ஊசி, ஒன்றும் குறையவில்லை. வீட்டில் திட்டவில்லை, ஆனால் "நடக்கிறாயே, அப்புறம் என்ன" என்று பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது வலியைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இந்த வருடம் தீபத்துக்குத் திருவண்ணாமலை போகவில்லை. இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

மகள் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தாள். ஆயுள் முழுக்க முடங்கிப் போனதாகச் சிலர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் அழுதிருக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன். இந்த வலி வந்து, மறுபடி வேலைக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு நாள் ஆயிற்று? என்ன செய்தீர்கள், எதைச் செய்து கெடுத்துக்கொண்டீர்கள்? இரண்டையும் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை மருந்தாளுநர்

தம்பி, நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் சொல்ல வேண்டியது, இது உங்கள் கற்பனை இல்லை. இந்த மருந்துக் குடும்பத்துக்கு ஃப்ளூரோகுயினோலோன் என்று பெயர். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் எல்லாம் இதில் வரும். தசையை எலும்போடு சேர்க்கிற கயிறு போன்ற தசைநாண் வீங்கலாம், அறுந்தும் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. 2016-ல் அதை இன்னும் கடுமையாக்கி, தசைநாண், தசை, மூட்டு, நரம்பு, மூளை ஆகியவற்றில் வரும் பாதிப்பு நிரந்தரமாகக்கூட நின்றுவிடலாம் என்று எழுதியது. ஐரோப்பாவில் 2018-19-ல் கட்டுப்பாடு வந்தது. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், வேறு ஆன்டிபயாடிக் பொருந்தாதபோது மட்டும்தான் இதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆபத்து யாருக்கு அதிகம் என்பதும் அதே எச்சரிக்கையில் இருக்கிறது: 60 வயது தாண்டியவர்கள், சிறுநீரகம், இதயம், நுரையீரல் மாற்று அறுவை செய்தவர்கள், கூடவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள். பிரட்னிசோலோன் ஸ்டீராய்டுதான் தம்பி. இரண்டு சீட்டும் ஒரே மேசைக்கு வராததால் நடந்தது இது. நீங்கள் வேண்டுமென்று மறைக்கவும் இல்லை, அந்த இரண்டாவது டாக்டர் கேட்டிருக்கலாம், அவரும் கேட்கவில்லை. லீவோ எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். புராஸ்டேட்டுக்குள் நன்றாக இறங்குகிற மருந்துகள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. ஆனால் சாதாரண சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பதறுகிறது.

மாத்திரை நிறுத்தி இவ்வளவு நாள் ஆன பிறகு வலிக்காது என்று சொன்னது தவறு. ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளிலும் வரலாம், நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம் என்றுதான் எச்சரிக்கையே சொல்கிறது. தசைநாண் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்கிற நார். அந்த நாரைச் செய்கிற செல்களை இந்த மருந்து பாதிக்கிறது, நாரைக் கரைக்கிற நொதிகளைக் கூட்டுகிறது, மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டமும் குறைவு, அதனால்தான் ஆறுவதற்கு இவ்வளவு நாள் இழுக்கிறது.

இனி இந்தக் குடும்பத்து மருந்து எதுவும் உங்களுக்கு வேண்டாம். உங்கள் ஆதார் கார்டு கவரிலேயே ஒரு சீட்டு எழுதி வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அட்டையில் பிராண்ட் பெயர் பெரிதாக இருக்கும், அதைப் பார்க்காதீர்கள், கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "ஃப்ளாக்சசின்" என்று முடிந்தால் இந்தக் குடும்பம்தான். வயிற்றுப்போக்கு மாத்திரை பலவற்றில் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தே வரும், அங்கேதான் ஏமாறுவோம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், இதோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்கு லீவோவும் மாக்சியும் உயிர் காக்கிற மருந்து. அதைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்து தானாக நிறுத்திவிடாதீர்கள், வலி இருந்தால் டிபி மருந்து கொடுக்கிற டாட்ஸ் சென்டரில் அன்றைக்கே சொல்லுங்கள். லட்சக்கணக்கானவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், இதைப் பதிவு செய்யுங்கள் தம்பி. மருந்தின் பக்கவிளைவைக் கண்காணிக்க மத்திய அரசின் திட்டம் 2010 முதல் நடக்கிறது, காசியாபாத்தில் இருக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. இலவச எண் 1800-180-3024. பொதுமக்களே நிரப்பலாம், தமிழிலேயே படிவம் இருக்கிறது. மருந்தின் பெயர், அட்டையில் உள்ள பேட்ச் எண், எந்த நாளில் ஆரம்பித்தது, கூட என்ன சாப்பிட்டீர்கள், இவ்வளவுதான். நாம் யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால் இங்கே யாருக்கும் இப்படி ஆவதில்லை என்றே கணக்கில் இருக்கும்.

குடியாத்தம் டீச்சர்

அண்ணா, நான் உங்களுக்கு முன்னாடி போய்த் திரும்பியவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு மூன்று வருடத்துக்கு முன் சிப்ரோஃப்ளாக்சசின், ஏழு நாள், யூரின் தொற்றுக்கு. ஐந்தாம் நாளே இரண்டு குதிகாலும் பிடித்துக்கொண்டது, மூன்றாம் வாரம் முழங்கையும் கட்டைவிரலும். கரும்பலகையில் எழுத முடியாது, சாக்பீஸ் விரலில் நிற்காது. கேட்டதற்குப் பதில் வேண்டும் அல்லவா, சொல்கிறேன். முதல் நான்கு மாதம் மோசம். ஆறாம் மாதம் ஏறி இறங்கியது. ஒன்பதாம் மாதம் தொடர்ந்து இரண்டு பீரியட் நின்று பாடம் எடுத்தேன். பதினான்காம் மாதம் காலையில் எழுந்து கழுவி, காபி போட்டு, பால்காரரிடம் பேசிவிட்டு உள்ளே வந்த பிறகுதான் காலைப் பற்றி நினைக்கவே இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன். இப்போதும் நாள் முழுக்க கல்யாண மண்டபத்தில் நின்றால் மறுநாள் கொஞ்சம் சொல்லும். ஆனால் போன தையில் சோளிங்கர் பெரிய மலை 1305 படியும் ஏறினேன். ரோப் கார் இருக்கிறது, இருந்தும் ஏற்றத்துக்கு நடந்தேன், இறங்கும்போது ரோப் காரில் வந்தேன், இறக்கம்தான் முழங்காலுக்குக் கெடுதல்.

நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன். முதல் தப்பு, யாரோ சொன்னார்கள் என்று புத்தூர் கட்டுக்குப் போனது. எலும்பு முறிவுக்கு நம் பக்கம் எல்லாரும் போகிறோம், ஆனால் எனக்கு எலும்பு முறியவில்லையே. மூன்று வாரம் அசையாமல் கட்டிப் போட்டதில் கெண்டைச் சதை பாதியாக வற்றிவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவரவே நான்கு மாதம் ஆயிற்று. இரண்டாவது, எண்ணெய் போட்டு அழுத்தி உருவினது. இதமாகத் தடவினால் பரவாயில்லை, வலிக்கிற நாணைக் கட்டைவிரலால் அமுக்கி உருவக் கூடாது, அந்த ராத்திரி நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மூன்றாவது, நல்லாயிருக்கிற ஒரு நாளில் விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்தது. வீடு கழுவி, மாடி ஏறி, கடைக்குப் போய், அப்புறம் ஒரு வாரம் படுக்கை. நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அரை மணி மிதித்து இரண்டு நாள் படுப்பது அதுதான்.

குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று ஒருவர் சொன்னார், நான் மறுத்தேன். அந்த நாணில் ஸ்டீராய்டு போட்டால் அறுந்துபோகிற ஆபத்து கூடும். ஊருக்குள் மூட்டுவலிக்கு என்று பெயர் போடாத பொடி விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம் அண்ணா. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும், பலம் வந்துவிட்டது என்று நினைத்து மிதிப்பீர்கள், உள்ளே நார் நைந்துகொண்டிருக்கும்.

உதவியது என்றால், குதிகால் பக்கம் கொஞ்சம் உயர்ந்த செருப்பு முதல் இரண்டு மாதம், வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கவில்லை. ஒரு நோட்டில் தினமும் எவ்வளவு நடந்தேன், மறுநாள் காலை எப்படி இருந்தது என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் குறைந்துகொண்டு வருகிறது என்று தெரிந்தது, அன்றாடம் பார்த்தால் தெரியவே தெரியாது. மெக்னீசியம் மாத்திரை சாப்பிட்டேன், அதனால்தான் ஆறியது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, கிட்னி கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் சாப்பிடக் கூடாது. ராத்திரி அந்த முடங்கிப் போனவர்கள் எழுதியதைப் படிப்பதை நிறுத்தினேன். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் ஆறினவர்கள் வந்து எழுதுவதில்லை, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நானே மூன்று வருடம் எங்கேயும் எழுதவில்லை, உங்கள் மகள் அழுதாள் என்று படித்ததால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நாம் தசைநாணையும் நரம்பு என்கிறோம், ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், நிஜ நரம்பையும் நரம்பு என்கிறோம். "நரம்பு இழுக்குது டாக்டர்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அவர் நரம்புத் தளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு வைட்டமின் ஊசி போட்டிருப்பார். எனக்கும் அதே கதை. அடுத்த தடவை இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள், "குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிறதே, இந்தக் கயிறு வலிக்கிறது, லீவோஃப்ளாக்சசின் எட்டாம் நாள் ஆரம்பித்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மாற்றியதும்தான் எனக்கு ஸ்கேனும் பிசியோதெரபியும் எழுதினார்கள்.

தசைநாணுக்கு வைத்தியம் நம் ஊருக்குப் புதிது இல்லை அண்ணா. 1940-களின் கடைசியில் இதே வேலூரில்தான் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப் போன விரல்களுக்கு வேறு இடத்து நாணை எடுத்து மாற்றிப் பொருத்தினார். கட்டுப் பிரித்த பிறகு அந்த நாணுக்குப் புது வேலையைப் பழக்கியது வாரக்கணக்கில் நடந்த பயிற்சிதான். என் பிசியோ இதைச் சொல்லித்தான் என்னைப் பொறுமையாக இருக்க வைத்தார்.

வாலாஜா மகன்

எல்லாரும் மருந்து மருந்து என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை, எட்டாம் நாள் ஆரம்பித்தது, கூட ஸ்டீராய்டு, அது பொருந்தித்தான் வருகிறது. ஆனால் எங்கள் அப்பா கதையைச் சொல்ல வேண்டும். அவருக்கும் காய்ச்சல், ஆன்டிபயாடிக், அப்புறம் மூட்டு மூட்டாக வலி. எட்டு மாதம் அந்த மாத்திரையையே திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் ரத்தம் பார்த்தால் அந்தக் காய்ச்சலே சிக்குன்குனியா. 2006-ல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது பார்த்தோமே, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூட்டு பிடித்துக்கொண்டு நின்றது.

அதோடு, யூரின் தொற்றோ வயிற்றுத் தொற்றோ வந்து சில வாரத்தில் உடம்பே தன் மூட்டுகளைத் தாக்கிக்கொள்கிற ஒரு வாதம் இருக்கிறது, ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். அதுவும் குதிகாலைப் பிடிக்கலாம், முழங்கால் வீங்கலாம், கண் சிவக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. ஆகவே வாதநோய் டாக்டரிடம் ஒரு தடவை காட்டி உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பார்த்துவிடுங்கள் அண்ணா. கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவும் தசைவலி கொடுக்கும். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாகப் பயிற்சியில் இறங்கலாம்.

ஆற்காடு டிரைவர்

எனக்கு இதே மாதிரி மணிக்கட்டு, கியர் போட முடியாது, இப்போது பரவாயில்லை. ஒரு சந்தேகம். அம்மாவுக்கும் முன்பு இந்த மாத்திரையில் கால் வலி வந்தது. அடுத்த மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன், சொட்டு மருந்தில் மாக்சிஃப்ளாக்சசின் என்று எழுதியிருக்கிறது. போடலாமா?

ராணிப்பேட்டை மருந்தாளுநர்

தம்பி, கண் சொட்டில் ரத்தத்துக்குப் போகிற அளவு மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனாலும் முடிவை நீங்களோ நானோ எடுக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே கண் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவரே வேறு சொட்டு எழுதுவார். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், கண்ணுக்குள் கிருமி போனால் பார்வையே போகும்.

வாலாஜா மகன் சொன்னது சரியான பேச்சு. நானும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆரணி தறி

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டீச்சரம்மா எழுதியதை மகளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், வீட்டுக்காரியும் தறிக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "கயிறு" என்று சொல்லிக் காட்டுகிற விஷயம் எனக்கு உறைத்தது, நான் அப்படியே "நரம்பு" என்றுதான் சொல்லியிருக்கிறேன், மூன்று இடத்திலும்.

ஸ்டாட்டின் சாப்பிடவில்லை. கண் சிவக்கவில்லை. மூட்டு வீக்கம் முதலில் இருந்தது, இப்போது இல்லை. வேலூர் போய் ரத்தமும் குதிகால் ஸ்கேனும் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், மிதிக்காமல் இருந்தால் சோறு இல்லை, மிதித்தால் கால் இல்லை. ஓய்வு எவ்வளவு, வேலை எவ்வளவு என்று யாராவது அளவு சொல்ல முடியுமா?

ஆம்பூர் பிசியோ

அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மிதிக்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள், அதனால் மிதிக்கிற காலைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். நேரில் பார்க்காமல் சொல்வதால் இதை ஸ்கேன் பார்த்த பிறகு, உங்களைப் பார்க்கிறவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முதலில் ஆபத்தான அடையாளம். திடீரென்று பின்னங்காலில் யாரோ உதைத்தது போலவோ "டப்" என்று அறுந்தது போலவோ இருந்தால், நுனிக்காலில் நிற்கவே முடியாவிட்டால், அன்றைக்கே போக வேண்டும். குப்புறப் படுத்து வேறொருவரைக் கெண்டைச் சதையைப் பிழியச் சொன்னால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், நடக்க முடிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, அறுந்த பிறகும் சிலர் நடப்பார்கள்.

அளவு கேட்டீர்கள். நான் எல்லாருக்கும் சொல்கிற அளவு மறுநாள் காலைதான். செய்யும்போது பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலை அந்த விறைப்பு வழக்கமான பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். தாண்டாவிட்டால் அதே அளவை இன்னும் மூன்று நான்கு நாள் செய்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கூட்டுங்கள். மருந்தால் கெட்ட நாணுக்கு மற்ற நாணைவிட இந்தப் படி சின்னதாக இருக்க வேண்டும்.

பயிற்சி உட்கார்ந்தே ஆரம்பியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைக் கொஞ்சமாகத் தூக்கி, முப்பது வினாடி அப்படியே பிடித்து, இறக்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. ஐந்து தடவை. தொடை மேல் கையை வைத்து அழுத்திப் பாரத்தைக் கூட்டலாம். இரண்டு வாரம் இது ஒத்துக்கொண்டால் சுவரைப் பிடித்து நின்று இரண்டு காலிலும் செய்யுங்கள், அதற்கும் பிறகுதான் மூன்று வினாடி ஏறி மூன்று வினாடி இறங்குவது. ஒற்றைக் கால் கடைசி. இன்டர்நெட்டில் குதிகால் வலி என்று தேடினால் 1998-ல் ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் கொண்டுவந்த முறை வரும், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை இறக்குவது, ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். ஓட்டக்காரர்களுக்கு அது நல்ல முறை. உங்கள் நிலையில் அதை நேராக ஆரம்பிக்காதீர்கள், அப்படி ஆரம்பித்துக் கெடுத்துக்கொண்டு வந்த இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். விளிம்பில் தொங்கவிட்டு இழுப்பதும் இப்போது வேண்டாம்.

தறிக்கு வருவோம். அரை மணி ஒரே மூச்சில் வேண்டாம். ஐந்து நிமிடம் மிதி, இருபது நிமிடம் விடு, அப்படி ஒரு நாளைக்கு மூன்று தடவை, அவ்வளவுதான் முதல் வாரம். குழிக்குள் மிதியின் உயரத்தைப் பாருங்கள், மிதித்து முடிக்கும்போது கணுக்கால் முழுக்க நீள வேண்டியிருந்தாலும், தூக்கும்போது பாதம் முழங்காலை நோக்கி அதிகம் மடங்கினாலும் நாணுக்குப் பாரம். கட்டையை ஒன்றிரண்டு விரற்கடை உயர்த்தியோ இறக்கியோ பார்த்தால் வித்தியாசம் தெரியும். கால்நுனியால் மிதிக்காமல் பாதம் முழுவதும் பதித்து, தொடையிலிருந்து தள்ளப் பழகுங்கள். ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைத்த தறிகள் உண்டு, உங்கள் சங்கத்தில் கேளுங்கள், உதவி கிடைக்குமா என்று கைத்தறித் துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வலி மாத்திரை ராத்திரி தூங்குவதற்கு வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால். டைக்ளோஃபெனாக்கைத் தினமும் போட்டுக்கொண்டு மிதிக்காதீர்கள், மேலே சொன்ன மறுநாள் காலை அளவே அதில் மறைந்துவிடும். வயிறும் கிட்னியும் கெடும்.

ஆரணி தறி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

வேலூர் போனேன். டீச்சரம்மா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன், டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். ரத்தத்தில் வாதம் இல்லை, சிக்குன்குனியா இல்லை. வைட்டமின் டி குறைவு, அதற்கு மருந்து தந்தார்கள். ஸ்கேனில் வலது குதிகால் நாண் தடித்திருக்கிறது, கிழிசல் இல்லை. "கிழிசல் இல்லை" என்று அவர் சொன்னபோது வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தேன், ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் முகம் இளகியது. சீட்டின் மேலே சிவப்பு மையில் இந்த மருந்துக் குடும்பம் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். 1800 எண்ணுக்கு மகள் போன் செய்து பதிவும் செய்துவிட்டாள், பேட்ச் எண் கேட்டார்கள், நல்லவேளை அட்டையைத் தூக்கிப் போடவில்லை.

உட்கார்ந்த பயிற்சி மூன்று வாரம் செய்தேன், இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறேன். நடுவில் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறேன் என்று ஏணி ஏறி ஒரு வாரம் பின்னுக்குப் போனேன், அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். மிதிக்கட்டையை இரண்டு விரற்கடை உயர்த்தினோம், பக்கத்துத் தறி அண்ணன் வந்து கட்டிக் கொடுத்தார். தோள் முக்கால் பாகம் சரி. மணிக்கட்டு குளிரில் மட்டும் பிடிக்கிறது.

நேற்று பத்து பத்து நிமிடமாக நான்கு தடவை மிதித்தேன். இன்று காலை விறைப்பு பன்னிரண்டு நிமிடம்.